பீடோங்கிலிருந்து சைக்கிளில் பூஜாங் பள்ளத்தாக்கு: பழைய கற்களைப் படம் எடுப்பது எப்படி?

#1 செம்மண்சடக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் ஐந்து நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போகிறேன். ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங். டவுனிலிருந்து உள்ளே போனால் வரும் தோட்டம். நான் பிறந்தபோது கித்தா (ரப்பர்), இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை). ஜொகூருக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. எப்போதும் காரில் போவேன், கல்யாணமோ கருமாதியோ முடிந்ததும் மறுநாளே திரும்பிவிடுவேன். இந்த முறை மடக்கு சைக்கிளை ரயிலில் ஏற்றி, சுங்கை பட்டாணியில் இறங்கி, ஐந்து நாளும் மிதித்தே சுற்றுவதாக முடிவு.

முக்கியமான வேலை படம் எடுப்பது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1991-ல் மாமா எனக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, தோட்டத்து வழியாகப் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டிக்கு அழைத்துப் போனார். புதியவர்களுக்காக: சண்டி என்பது பழைய கோயிலுக்கு மலாயில் சொல்லும் சொல். 36 படம் கொண்ட சுருளில் அங்கே எடுத்தது ஒன்றே ஒன்று. அப்பா சைக்கிளைக் கல்லில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார். அவரை நடுவில் வைத்து எடுத்தேன். சைக்கிளுக்குப் பின்னால் அடித்தளத்தின் ஒரு மூலை மட்டும் விழுந்திருக்கிறது.

2013 கடைசியில், வீடமைப்புக்காக நிலத்தைத் துப்புரவு செய்தபோது அந்தச் சண்டியை இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சுமார் 1,200 ஆண்டு பழமையானது என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டடி பின்னால் போய் எடுத்திருந்தால் இன்னும் எவ்வளவோ விழுந்திருக்கும். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

எந்த வழியாகப் போவது, எந்த நேரத்தில் ஒளி நன்றாக இருக்கும், கைப்பேசி போதுமா, கேமராவைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இரட்டைச்சக்கரம்

அண்ணே, நான் சுங்கை பட்டாணி. ஞாயிறுதோறும் அந்தப் பக்கம் மிதிப்பவள்.

ரயில் நிலையத்திலிருந்து பீடோங் வரும் பெரிய சாலையில் லோரி அதிகம். முதல் நாள் மாலையே பீடோங் வந்து தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் அந்தச் சாலையைத் தொட வேண்டியதே இல்லை. மெர்போக் போகும் பாதையைப் பிடியுங்கள். சுங்கை பத்து அகழாய்வு இடம் இந்தப் பாதையிலேயே வருகிறது. மெர்போக்கிலிருந்து மலையடிவாரத்துக்கு ஏறினால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். ஏற்றம் பெரிய நீளம் இல்லை, ஆனால் மடக்கு சைக்கிளின் சின்னச் சக்கரத்துக்குக் கடைசிப் பகுதி கஷ்டம். தள்ளிக்கொண்டு போனாலும் தாமதமாகாது.

தோட்டத்துக் குறுக்கு வழியில் போனால் முள்ளைக் கவனியுங்கள். குலை வெட்டும்போது வெட்டிப் போடும் செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். காய்ந்ததும் ஊசி மாதிரி ஆகிவிடும். டயரைத் துளைத்து உள்ளேயே ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டியதும் டியூப்பை மாட்டிவிடாதீர்கள். டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, முள் முனையை எடுத்த பிறகு மாட்டுங்கள். இது தெரியாமல் ஒரே நாளில் ஒரே இடத்தில் மூன்று தடவை காற்று இறங்கி, செமிலிங் வரை தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கைப்பேசியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தோட்டத்துச் சடக்கில் (சாலையில்) ஓட்டாதீர்கள். அந்த அதிர்வில் லென்சை நிலைப்படுத்தும் பாகம் கெட்டுப்போகலாம். கேமராவை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வதுதான் நல்லது. நம் உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

#3 ஒளிவட்டம்

செம்மண்சடக்கு அண்ணே, நான் கிள்ளானில் கல்யாணப் படம் எடுப்பவன். அந்த அருங்காட்சியகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன்.

படம் எடுப்பது பற்றிய பொதுவான பாடங்களில் 'விடியற்காலை ஒளியில் எடு' என்று சொல்வார்கள். இங்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் சாய்வாக ஏறாமல் செங்குத்தாக ஏறும். மென்மையான ஒளி கொஞ்ச நேரம்தான். ஒன்பது மணிக்கெல்லாம் நிழல் கறுத்துவிடும். அருங்காட்சியகமோ அலுவலக நேரத்தில் திறப்பது. அதனால் விடியற்காலையைத் திறந்த வெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஜெராய் மலை, வயல், தோட்டம். சண்டிகளுக்கு மேகம் மூடிய நேரம்தான் நல்லது. பிற்பகலில் ஜெராய் மேல் மேகம் இறங்கும். அந்த நேரத்தில் கல்லின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். உளி பட்ட இடம்கூடத் தெளிவாக விழும்.

மழை வந்தால் ஓடிவிடாதீர்கள். மழை விட்ட பத்து நிமிடம் பெரிய வரம். செம்புரைக்கல் காய்ந்திருக்கும்போது வெளிறித் தெரியும். நனைந்ததும் உள்ளே இருக்கும் சிவப்பு எழும்பி வரும், பாசி பச்சையாக மின்னும். ஈரப் பளபளப்பு தொந்தரவாக இருந்தால் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றிக் குறைக்கலாம்.

சுற்றிலும் மரம், நடுவில் கருங்கல் என்ற இடத்தில் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். வெளிச்ச அளவை முக்கால் படி குறைத்து வையுங்கள். முடிந்தால் கேமரா பதப்படுத்தாத ராவ் (RAW) கோப்பாக எடுங்கள், நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். கைப்பேசியும் போதும், ஆனால் அகலக்கோண லென்சில் எடுத்தால் நேர்க்கோட்டுச் சுவர் வளைந்துவிடும். சாதாரண லென்சில், பின்னால் நகர்ந்து எடுங்கள். இரண்டடி பின்னால் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்று: ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்சில் பனி படியும். அதைத் துணியால் துடைத்துத் துடைத்து லென்சைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிட்டுப் பசியாறிவிட்டு வாருங்கள், தானாகத் தெளிந்துவிடும்.

#4 காவிரிக்கரை

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சைக்கிள் குழு கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் எல்லாம் மிதித்தே போய்ப் படம் எடுத்திருக்கிறது. அடுத்த வருடம் கடாரம், அதாவது இன்றைய கெடா, வர ஆசை. ராஜேந்திர சோழன் அங்கே எழுப்பிய கோயில்களை எங்கள் ஊர்க் கோயில்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டும் படவரிசை ஒன்று செய்ய நினைக்கிறேன். எந்தச் சண்டி சோழர் கட்டியது, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

#5 மெர்போக்காரர்

காவிரிக்கரை தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். முப்பது வருடம் பிள்ளைகளை அந்தக் கற்களுக்கு முன்னால் நிறுத்திப் பாடம் சொன்னவன். உங்கள் ஆசையைக் குறைக்க இதை எழுதவில்லை. படத்துக்குக் கீழே எழுதும் வரி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கி.பி. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது உண்மை. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததாகத் தஞ்சைக் கல்வெட்டே சொல்கிறது. ஆனால் பூஜாங்கில் உள்ள சண்டிகளை அவன் கட்டினான் என்று சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை. இவை பல நூற்றாண்டுகளில் எழுந்தவை. பௌத்தக் கட்டடமும் உண்டு, இந்துக் கோயிலும் உண்டு. அவன் படை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இது பெரிய துறைமுகம். 1834-ல் ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது, புத்தகுப்தன் என்ற பெரிய மாலுமி வைத்தது. அவன் ஊர் ரக்தமிருத்திகா. செம்மண் என்றுதான் அதற்குப் பொருள். இழையைத் தொடங்கியவரின் புனைபெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலோடு இதை ஒப்பிட வேண்டும் என்றால் ஒரு இடத்தைச் சொல்கிறேன், அங்கே குனிந்து எடுங்கள். புக்கிட் பத்து பாஹாட் சண்டியில் தூண் நிற்கும் அடிக்கல்களில் குழி வெட்டியிருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி, மேலே உள்ள இலையெல்லாம் அதில் தெரியும். அந்தக் குழியில் நின்றது மரத்தூண். கூரையும் மரமும் ஓலையும் போன்ற மக்கிப்போகும் பொருள்தான். அதனால்தான் மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. கோபுரம் வரை கல்லிலேயே எழுப்பிய சோழக் கட்டடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு குழியில் இருக்கிறது. கருவறை, முன்மண்டபம் என்ற அமைப்பு நமக்குப் பழக்கமானது. கட்டிய முறை இந்த மண்ணுடையது. இந்த ஊர்க் கைகள் செய்த வேலையை நாம் இன்னொருவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது, தம்பி.

அப்புறம் எல்லாச் சண்டியும் இருந்த இடத்தில் இல்லை. புக்கிட் பத்து பாஹாட் மட்டும் அதே இடத்தில், 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் குழுவினர் மறுபடி அடுக்கி நிறுத்தியது. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் சண்டிகளை வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பின்னால் தெரியும் காடு அந்தச் சண்டியின் காடு என்று நினைத்துவிடக் கூடாது. பெங்காலான் பூஜாங் ஆற்றோரத் துறை. சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் மணிகளும் குவியலாகக் கிடைத்த இடம். எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று படக்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

#6 காவிரிக்கரை

ஐயா, மிக்க நன்றி. பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்று படித்ததோடு நின்றுவிட்டேன். கொண்டவனைப் பற்றிப் படித்தோம், கடாரத்தைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசர்தான் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட ஏற்பாடு செய்தார். ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடையாகக் கொடுத்த செப்பேடுகள் நெதர்லாந்தில் லெய்டனில் இருந்தன. அப்படியானால் என் படவரிசையை நாகப்பட்டினத்தில் தொடங்குவதுதான் சரி. அந்த விகாரமும் இப்போது இல்லை. அதன் மிச்சங்களை 1867-ல் இடித்துவிட்டார்கள்.

செம்மண்சடக்கு அண்ணனுக்குக் கல்வெட்டு படம் எடுத்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தேய்ந்த எழுத்தோ உளித்தடமோ நேராக ஒளி விழுந்தால் தெரியாது. கைவிளக்கைக் கல்லை ஒட்டி, பக்கவாட்டில் படுத்தாற்போல் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். மாவு, சாக்கட்டி பூசி எழுத்தைத் தெரியவைப்பது எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யவே கூடாது. கல்லின் நுண்துளையில் போய் உட்கார்ந்துவிடும்.

#7 லயத்துவீடு

நான் பீடோங்கிலேயே இருப்பவள். எல்லாரும் ஆயிரம் வருடத்துக் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி சைக்கிளில் வரும் வழியில் இருப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் என் பாட்டியின் அம்மா காலத்தில் எழும்பியது. முதலில் மரத்தடியில் ஒரு கல், அப்புறம் அத்தாப்பு ஓலைக் கூரை, அப்புறம் தகரம், கடைசியில் சிமெண்ட். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது புல். ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோர் இருந்தது, ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடம் இருந்தது, இரண்டும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் இரண்டு வரிசை மட்டும் மிச்சம். ஒரு வீட்டுக் கதவுச் சட்டத்தில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், கரித்துண்டால், 1960-களிலிருந்து. அடுத்த ஆண்டு அந்த வரிசையையும் எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

#8 ஒளிவட்டம்

லயத்துவீடு அக்கா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து நாளில் எல்லாவற்றையும் எடுக்கப் போனால் எதுவுமே ஒழுங்காக வராது. இழையின் பொருள் தொன்மையான சின்னங்கள். லயத்துக்குத் தனியாக ஒரு பயணம் போடலாமே?

#9 லயத்துவீடு

தனியாக ஒரு பயணம் என்று சொல்லிச் சொல்லித்தான் புகைக்கூடம் போனது. பதினோராம் எண் சண்டியும் எங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தோம். தம்பி அந்த ஒரு படம் எடுத்தது அவர் அப்பா அன்றைக்கு அழைத்துப் போனதால்தானே.

#10 செம்மண்சடக்கு

அக்கா, கதவுச் சட்டத்தை முதல் நாளே எடுத்துவிடுகிறேன். உங்கள் தோட்டம் எது என்று தனிமடலில் சொல்லுங்கள். ஒளிவட்டம் தம்பியும் தப்பாகச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

#11 மெர்போக்காரர்

செம்மண்சடக்கு தம்பி, அந்த 1991 படத்தை இங்கே போட முடியுமா? அப்பா நிற்கும் படம், குடும்பத்துப் படம் என்றால் வேண்டாம். முடிந்தால் பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்கள். 1936, 37-ல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இங்கே தோண்டியபோது பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. அதற்கப்புறம் சாதாரண ஜனங்கள் எடுத்த படம் என்று நான் பார்த்தது மிகக் குறைவு.

#12 செம்மண்சடக்கு

போட்டிருக்கிறேன், ஐயா. நிறம் கொஞ்சம் மங்கி மஞ்சளடித்துவிட்டது. அப்பா போட்டிருப்பது கோயில் திருவிழாவுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை. சைக்கிள் 28 அங்குலச் சக்கரம் கொண்ட உயரமான சைக்கிள், கறுப்பு. பின்சக்கரம் கல்லை ஒட்டி இருக்கிறது.

#13 இரட்டைச்சக்கரம்

அண்ணே, சக்கரத்தைப் பாருங்கள்! 28 அங்குலச் சக்கரம் என்றால் டயரோடு சேர்த்துக் குறுக்களவு சுமார் 71 சென்டிமீட்டர். அது கல்லைத் தொட்டபடி, அதே தளத்தில் நிற்கிறது. அந்தச் சக்கரத்தை அளவுகோலாக வைத்து, பக்கத்தில் தெரியும் ஒவ்வொரு வரிசைக் கல்லின் உயரத்தையும் கணக்கிடலாம். சைக்கிள் இரண்டடி முன்னால் நின்றிருந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். உங்கள் அப்பா கல்லில் சாய்த்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இப்போது யாரும் கல்லில் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது, அது வேறு. எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவு இருக்கட்டும். நான் ஒரு பழைய மர அடிக்கோலைப் பையில் வைத்திருக்கிறேன். கல்லைத் தொடாமல், அதே தளத்தில் தரையில் நிறுத்தி எடுப்பேன்.

#14 ஒளிவட்டம்

இதை நான் யோசிக்கவே இல்லை. கல்யாணப் படத்தில் பின்னணியை மங்கலாக்கியே எனக்குப் பழக்கம். அந்தப் பின்னணிதான் இங்கே வேண்டியதாக இருக்கிறது.

அப்படியென்றால் இன்னொரு வேலையும் செய்யுங்கள் அண்ணே. சண்டியைச் சுற்றி ஒரே சீராக நடந்து, ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒரு படம் எடுங்கள். அடுத்தடுத்த படத்தில் முக்கால் பங்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சுற்று இடுப்புயரத்தில், ஒரு சுற்று தலைக்கு மேல் கையை உயர்த்தி. குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இந்தப் படங்களை எல்லாம் சேர்த்துக் கணினியில் முப்பரிமாண உருவம் கட்டலாம். அடிக்கோலும் படத்தில் இருந்தால் அளவும் சரியாக வரும். டிரோன் வேண்டாம், அதற்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

போன தடவை போனபோது ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்காக அடித்தளத்தின் மேல் ஏறி நின்றார்கள். படம் எடுப்பவரை எனக்குத் தெரியும். இறங்கச் சொன்னேன், இறங்கினார்கள். என் தொழில் செய்கிறவர்கள்தான் இதை முதலில் நிறுத்த வேண்டும்.

#15 மெர்போக்காரர்

படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. நன்றி.

நேரம் இருந்தால் நான்காம் நாள் ஜெராய் மலையைச் சுற்றி யான் என்ற ஊர்ப் பக்கம் போங்கள். அங்கே புக்கிட் சோராஸ் இருக்கிறது. ஜேம்ஸ் லோ காலத்திலேயே தெரிந்த இடம்தான், ஆனால் அண்மையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு அங்கே தோண்டியபோது ஆளுயரப் புத்தர் சுதைச் சிற்பங்கள் கிடைத்தன. ஆய்வு நடக்கும் இடம் என்பதால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விடவில்லை என்றால் வெளியிலிருந்து குன்றையும் கடல் இருக்கும் திசையையும் எடுங்கள். பழைய காலத்தில் கப்பல்காரர்களுக்கு அடையாளம் 1,217 மீட்டர் உயரமான ஜெராய்தான். சைக்கிளில் சுற்றினால் அது உங்களுக்கே தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வரும்.

#16 செம்மண்சடக்கு

போய் வந்துவிட்டேன். 1,140 படம். நேற்று இரவு முழுக்கப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் லயத்துவீடு அக்காவின் தோட்டம். கதவுச் சட்டத்தை எடுத்தேன். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்ததும் வண்ணம் பூசி மறைந்துபோன கோடுகள்கூட எழுந்து வந்தன. கரியில் போட்டதாக நினைத்திருந்தோம். பழைய கோடுகளைப் பால்வெட்டும் உளியால் கீறியிருக்கிறார்கள். காவிரிக்கரை தம்பி தஞ்சாவூரில் கற்றுக்கொண்டது பீடோங் லயத்தில் பயன்பட்டது. அக்கா தேநீரும் வடையும் கொடுத்து, சட்டத்தில் எது யாருடைய கோடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதையும் பதிவு செய்தேன்.

இரண்டாம் நாள் சுங்கை பத்து. இதுவும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த இடம்தான். இரும்பு உருக்கிய இடங்களுக்கு மேல் கூரை போட்டிருப்பதால் உள்ளே இருட்டு, வெளியே கண் கூசும் வெயில். கூரைக்குள் முழுதாக நுழைந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி எடுத்தபோதுதான் சரியாக வந்தது. உலைக்குக் காற்று ஊதும் களிமண் குழாய்த் துண்டுகள் மண்ணிலிருந்து அப்படியே வாய் திறந்தபடி கிடக்கின்றன. பக்கத்தில் இரும்புக் கசடு, கையளவு கறுப்புக் கட்டிகள். வட்டமான செங்கல் மேடையை கி.பி. 110 என்று ஆய்வுக்குழு அறிவித்தது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது என்று சொல்லும் கணிப்புகளைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் இருப்பதால் அவற்றைப் படக்குறிப்பில் எழுதவில்லை. அப்பாவும் இரும்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டு இந்த மண்ணில்தான் தினமும் நடந்தார். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அருங்காட்சியகம். பிற்பகல் இரண்டு மணிக்கு நல்ல மழை. சைக்கிளை மரத்தடியில் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றேன். மழை விட்டதும் தூண் குழிகள் எல்லாவற்றிலும் தண்ணீர். ஐயா சொன்ன இலைகள் தெரிந்தன. ஒரு குழியில் தலைப்பிரட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அளவுகோல் இல்லாமல் எடுத்தேன்.

நான்காம் நாள் யான் பக்கம் போனேன். குன்றுக்குள் போகவில்லை, வெளியிலிருந்து எடுத்தேன். வழியில் ஒரு முள். தங்கச்சி சொன்ன மாதிரி டயருக்குள் தடவி எடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பதினோராம் எண் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். எங்கே நின்று எடுத்தேன் என்று கண்டுபிடிக்க 1991 படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெராயின் முகட்டைப் பார்த்துப் பார்த்து நகர்ந்தேன். அப்பாவின் தோளுக்கு மேல் முகடு தெரிகிறது. அதே கோணம் வந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். இந்தத் தடவை இரண்டடி பின்னால் நின்று.

யாரிடமாவது 2013-க்கு முந்திய படம் இருந்தால் சொல்லுங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை.

#17 லயத்துவீடு

தம்பி, நீங்கள் போனதும் அண்ணன் வீட்டுப் பெட்டியைக் கிளறினேன். 1987 பள்ளிச் சுற்றுலாப் படம் ஒன்று கிடைத்தது. நாங்கள் எல்லாரும் கல் மேல் உட்கார்ந்திருக்கிறோம், அப்போது உட்காரக் கூடாது என்று தெரியாது. உங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களுடையதில் மலை இடது பக்கம் இறங்குகிறது, எங்களுடையதில் வலது பக்கம். எங்களுடையது வேறு மூலை என்று நினைக்கிறேன். நாளை பையனிடம் கொடுத்து ஸ்கேன் செய்து போடுகிறேன்.

#18 மெர்போக்காரர்

அம்மா, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். முன்வரிசையில் வலது கோடியில் கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவர் நின்றால், அது நானாக இருக்கலாம்.